செடான்தான் சௌகரியம் என்றேன்

ஜூன் 9, திங்கள்

இன்று காலைக் கூட்டத்தில் என் மானம் போனது. நான் இந்த கார் ஷோரூமில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்று யாரும் பார்க்கவில்லை. மேனேஜர் இசக்கிதுரை சார் எல்லோரையும் வட்டமாக நிறுத்தி, "ஹேட்ச்பேக்குக்கும் செடானுக்கும் என்ன வித்தியாசம்? வடிவு மேடம், நீங்க சொல்லுங்க" என்றார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "செடான் பெரிய வீட்டு வண்டி சார். ஹேட்ச்பேக் நம்மள மாதிரி ஆளுகளுக்கு."

என்ன சிரிப்பு! தண்ணீர் கேன் போட வந்தவர்கூட நின்று சிரித்துவிட்டுத்தான் போனார். "இது சேலைக்கடை இல்ல மேடம், பட்டு எது காட்டன் எதுன்னு சொல்லுததுக்கு" என்றார் சார். டவுனில் பதினொரு வருஷம் சேலை விற்றவள் நான். முந்தானையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்தினால், சும்மா பார்க்க வந்தவளும் வாங்கிக்கொண்டுதான் போவாள். அங்கே ஒருத்தரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். இனி எவர் எதைக் கேட்டாலும் "தெரியாது" என்ற சொல் என் வாயில் வரக் கூடாது.

ஜூன் 10, செவ்வாய்

பயிற்சித் தாளை இரண்டு தடவை படித்தேன். எனக்குப் புரிந்த மாதிரி இங்கே எழுதிவைக்கிறேன். ஹேட்ச்பேக் என்றால் டிக்கி தனியாக வெளியே நீட்டாது. கண்ணாடியோடு சேர்ந்த பின்கதவை மேலே தூக்கினால் பின் சீட்டின் முதுகு தெரியும். அதிலேயே கூரை உயர்ந்த ரகம் ஒன்று இருக்கிறது. பார்ப்பதற்கு அரிசி டின் மாதிரி, எனக்குப் பிடிக்கவில்லை. செடானில் இன்ஜினுக்கு ஒரு பெட்டி, ஆட்களுக்கு ஒரு பெட்டி, சாமானுக்கு ஒரு பெட்டி. அழகு என்றால் அதுதான். எஸ்.யு.வி. உயரம், பெரிய டயர், மேடு பள்ளம் தாங்கும். எம்.பி.வி. மூன்று வரிசை. நாங்குநேரி கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பினால் சம்பந்தி வீட்டையும் ஏற்றிக்கொள்ளலாம்.

எந்த வண்டி யாருக்கு ஆகும் என்று மட்டும் தாளில் போடவில்லை. அதை நாமே பார்த்துச் சொல்ல வேண்டியதுதான் போல.

ஜூன் 14, சனி

முதல் செடானை விற்றுவிட்டேன்!

வாங்கியவர் நூகு. மேலப்பாளையத்துக்காரர், ஷார்ஜாவில் பதிமூன்று வருஷமாக வேலை. வீடியோ காலிலேயே வண்டிகளைப் பார்த்தார். அவருடைய உம்மா ஆபிதா பீவிக்குக் கிட்னி கோளாறு. வாரத்தில் மூன்று நாள், செவ்வாய் வியாழன் சனி, பாளையங்கோட்டைக்கு டயாலிசிஸ் போகிறார். இதுவரை ஆட்டோ. உம்மா வெயிலிலும் குலுக்கலிலும் போய் வருவதை நினைத்தால் தனக்கு அங்கே சோறு இறங்கவில்லை என்றார். ஊருக்கு வர இன்னும் மாதங்கள் ஆகுமாம், அதற்கு முன் உம்மாவிடம் சொல்லாமல் வண்டியை வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டுமாம்.

"உம்மாவுக்கு முட்டி வலி உண்டும். ஏறி எறங்க எது சௌகரியம்? நீங்க ஒரு பொம்பள, ஒங்களுக்குத் தெரியும்லா?" என்று கேட்டார்.

"செடான்தான் சௌகரியம் சார். தாழ்ந்த வண்டி. கால எடுத்து வச்சா தரை. மத்ததெல்லாம் ஒசரம், வயசானவிய ஏற முடியாது" என்றேன். வெள்ளை நிறம், பின்கதவில் ஓடும் அந்த வெள்ளிக் கோடு, எல்லாவற்றையும் செல்போனைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிக் காட்டினேன். அரைமணி நேரத்தில் முடிந்தது. சார் கைகொடுத்தார்.

ஜூன் 26, வியாழன்

மாலையில், நூகுவின் உம்மா டயாலிசிஸ் முடிந்து வீடு வந்த பிறகு, மேலப்பாளையத்தில் டெலிவரி. ரிப்பன், கேக், பூமாலை. ஆபிதா பீவி பெரியம்மா வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தவர், காரைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். மருமகள் ஸமீஹா, நூகுவின் மனைவி, எல்லாவற்றையும் செல்போனில் ஷார்ஜாவுக்குக் காட்டிக்கொண்டே இருந்தாள். தெருவே கூடிவிட்டது.

பின் சீட்டில் உட்காரவைத்துப் படம் எடுத்தேன். உட்காரும்போது தொப்பென்று விழுந்த மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டே விழுந்தார், நாங்களும் சிரித்தோம். எனக்கு அடுத்த டெலிவரி இருந்ததால் உடனே கிளம்பிவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

ஜூன் மாதத்தின் சிறந்த விற்பனையாளர் வடிவு. கைதட்டினார்கள். சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அன்றைக்குச் சிரித்தவர்கள்தான் முதலில் தட்டினார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

நாத்தனாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறதே, பார்த்துவிட்டு ஷோரூம் போகலாம் என்று காலையில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் அந்த வெள்ளை செடான். நம்பரைப் பார்க்காமலே தெரிந்தது, மாலை கட்டியவளே நான்தானே. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே பெரியம்மா. முட்டி இரண்டும் நெஞ்சுக்கு நேராக நின்றன. கையை ஊன்ற இடமில்லை. ஸமீஹா வெளியிலிருந்து இழுக்கிறாள், அவர் பாதி எழுந்து திரும்பவும் உள்ளே விழுகிறார். இரண்டு தடவை. மூன்று தடவை. டிரைவர் மகாராஜா பக்கத்தில் வந்து, "நான் புடிக்கட்டுமா பெரியம்மா?" என்று கேட்டார்.

"நீ அங்கன போய் நில்லு. அன்னிய ஆம்பள என்னய தொடப்படாது" என்றார் பெரியம்மா. டிரைவர் பாவம், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

பின்னால் வந்த ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்தது. வாட்ச்மேன் ஓடி வந்தார். யாரையும் கேட்கவில்லை. அவரும் டிரைவரும் ஆளுக்கொரு கக்கத்தில் கையைக் கொடுத்துப் பெரியம்மாவைத் தூக்கி வெளியே நிறுத்தினார்கள். துப்பட்டி கதவில் மாட்டி உருவிக்கொண்டு போனது. தலை முழுக்க நரைத்த முடி, வெறும் கழுத்து, சுற்றிலும் அத்தனை ஆண்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

நான் என்ன செய்தேன்? தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பதினைந்து அடி தூரம். ஓடிப்போய் அந்தத் துப்பட்டியை எடுத்துப் போர்த்தியிருக்கலாம். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது, அதைக் கழற்றிப் பையில் போட்டேன். அதைத்தான் செய்தேன்.

ஜூலை 16, புதன்

ஷோரூமில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, செடானின் பின் சீட்டில் உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். எனக்கு முப்பத்தொன்பது வயது. பத்தாவது தடவையில் எனக்கே தொடை இழுத்தது. எழும்போது தலையைக் குனிய வேண்டும், கூரை இடிக்கிறது. கையூன்ற இடம் கிடையாது. தாழ்ந்த வண்டியில் இறங்குவது என்றால் பள்ளத்திலிருந்து எழுவது. காலை எடுத்து வைத்தால் தரைதான், ஆனால் அந்தத் தரையிலிருந்து உடம்பை யார் தூக்குவது?

ஆட்டோவில் அவர் தானாக ஏறி இறங்கியிருக்கிறார். சீட்டு இடுப்பு உயரம், பிடித்துக்கொள்ளக் கம்பி.

ஜூன் 14 அன்று ஒன்றை எழுதாமல் விட்டேன். இன்று எழுதிவிடுகிறேன். நான் நூகுவோடு பேசிக்கொண்டிருந்தபோது, டெஸ்ட் டிரைவ் வண்டி ஓட்டும் மணிராஜ் அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தார். "முட்டி வலின்னா சீட்டு ஒசரமா இருக்கணும்லா தங்கச்சி? டிக்கி இல்லாத அந்த ஒசரக்கூரை வண்டிதான அவியளுக்குச் சரி?" என்றார், மெதுவாக. நான் போனைப் பொத்திக்கொண்டு, "ஒங்க வேலையப் பாருங்க அண்ணே" என்றேன். கஸ்டமர் முன்னால் ஒரு டிரைவர் என்னைத் திருத்துவதா என்று எனக்குள் எரிந்தது.

ஆக, எனக்குத் தெரியாமல் நடந்ததில்லை. தெரிந்த ஒருவர் சொன்னார், நான் வாயை அடைத்தேன். வெட்கமாக இருக்கிறது என்று எழுதினால் போதுமா? சீ.

ஜூலை 19, சனி

மூன்று நாள் யோசித்து, "வண்டி எப்படி ஓடுது" என்று விசாரிக்கிற மாதிரி ஸமீஹாவுக்குப் போன் போட்டேன். என்ன வேஷம் எனக்கு.

அவள் அழுதாள். வியாழக்கிழமையும் பெரியம்மா டயாலிசிஸ் போகவில்லை, இன்றும் போகவில்லை.

"ஆட்டோல கூட்டிட்டுப் போலாம்லா?" என்றேன்.

"மாட்டேங்குதாவ. மவன் வாங்குன காரு வாசல்ல நிக்கும்போது ஆட்டோல போனா தெருவுல நாலு பேரு கேப்பாவளாம். கேட்டவிய ஷார்ஜாவுக்குப் போன் போட்டுச் சொல்லுவாவளாம். அவியட்ட சொல்லப்படாதுன்னு என் கையில சத்தியம் வாங்கிட்டாவ. இம்புட்டு நாளும் நான் ஒத்தையில எப்படியோ இழுத்து எறக்குனேன், இப்ப கார்லயும் ஏறமாட்டேங்குதாவ. அன்னைக்கு அத்தன ஆம்பள முன்னால நின்னத நெனச்சு நெனச்சு அழுதாவ."

கால் வீங்கியிருக்கிறதாம். ராத்திரி மூச்சு வாங்குகிறதாம். மகனுடைய மனசு நோகக் கூடாது என்று ஒரு மனுஷி உயிரை விடப் பார்க்கிறார். நடுவில் நான் சொன்ன ஒரு பொய்.

ஜூலை 20, ஞாயிறு

காலையிலேயே மேலப்பாளையம் போய்விட்டேன். பெரியம்மா கட்டிலில் தலையணையை அடுக்கிச் சாய்ந்திருந்தார். முகம் ஊதிக் கண் சிறுத்திருந்தது. என்னைக் கண்டதும், "வா புள்ள. காரு நல்லாருக்கு, ஒரு கொறையும் இல்ல" என்றார். நான் கேட்கவே இல்லை, அதற்குள் சொன்னார்.

"கொற காரு மேல இல்ல பெரியம்மா, எம்மேலதான். ஒங்க மவன் கேட்டாவ, நாந்தான் தெரியாமலே தெரிஞ்ச மாதிரி சொன்னேன். ஒங்களுக்கு ஆவாத வண்டிய வித்துட்டேன்" என்றேன். சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது.

"அவன்ட்ட சொல்லிராத" என்றார் பெரியம்மா. "பதிமூணு வருசம் அங்கன வெயில்ல கெடந்தவன். அவன்ட்ட போயி, நீ வாங்குனதுல எனக்கு ஒக்கார முடியலன்னு சொல்லவா?"

மூச்சு வாங்கி வாங்கித்தான் இதைச் சொன்னார். உடனே மணிராஜ் அண்ணனுக்குப் போன் போட்டேன். அன்றைக்கு வாயை அடைத்தவளுக்காக வரவேண்டும் என்று அவருக்கு என்ன தலையெழுத்து? வந்தார். கூரை உயர்ந்த ஹேட்ச்பேக் டெஸ்ட் வண்டியை எடுத்துக்கொண்டு, சாரிடம் கேட்காமலே வந்தார்.

"ஒங்க கார் சர்வீசுக்குப் போவுது பெரியம்மா. அது வர்ற வரைக்கும் கம்பெனி குடுத்த வண்டி இது. தெருவுல யார் கேட்டாலும் அப்படிச் சொல்லுங்க" என்றேன். மகாராஜா செடானை எடுத்துக்கொண்டு தெருமுனை தாண்டிப் போனார், எல்லோரும் பார்க்கும்படி.

கதவு அகலமாகத் திறந்தது. சீட்டு அவர் இடுப்புக்குச் சரியாக இருந்தது. மேலே ஏற வேண்டியதும் இல்லை, கீழே இறங்க வேண்டியதும் இல்லை, நாற்காலியில் உட்காருவது போல் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து காலை உள்ளே திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான். ஒருத்தரும் தொடவில்லை. இதைத்தான் அரிசி டின் என்று எழுதினேன்.

அவசரமாகச் சேர்த்து டயாலிசிஸ் செய்தார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கும் என்று நர்ஸ் ஸமீஹாவைத் திட்டினார். திட்டு வாங்க வேண்டியவள் பக்கத்தில் நின்றேன்.

ஜூலை 22, செவ்வாய்

இன்றைக்கும் டெஸ்ட் வண்டியிலேயே டயாலிசிஸ் போய் வந்தார், பிறகு வண்டியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. சர்வீஸ் என்ற பொய் இரண்டு நாளைக்குமேல் தாங்காது. பெரியம்மா சொல்லாதே என்றார். சொல்லாமல் இருந்தால் வியாழக்கிழமை திரும்பவும் படுத்துக்கொள்வார்.

நூகுவுக்குப் போன் போட்டேன். எல்லாம் சொன்னேன், மணிராஜ் அண்ணன் சொன்னதையும் நான் வாயடைத்ததையும் சேர்த்து.

"எங்க உம்மா ரெண்டு தடவ போகலயா?" என்றார்.

"ஆமா சார்."

"தெரியாதுன்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற ஆள்ட்ட கேட்டிருப்பேன்லா? ஒங்களுக்கு என்ன கொறஞ்சிருக்கும்?"

கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 23, புதன்

நூகுவின் புகார் மெயிலில் வந்திருக்கிறது. அதைவிட, கேட்காமல் டெஸ்ட் வண்டியை எடுத்ததுதான் சாருக்குக் கோபம். மணிராஜ் அண்ணனைக் கூட்டத்தில் நிறுத்தி வாய்க்கு வந்தபடி கேட்டார். "ஓட்டுததுதான ஓம் வேல? யாரக் கேட்டுலே எடுத்த?" அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாந்தான் வரச் சொன்னேன் சார்" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. அண்ணன் அன்றே சரியாகச் சொன்னதையும், எனக்கு ஒன்றும் தெரியாததையும், என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள் என்று பயந்ததையும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். இந்தத் தடவை ஒருத்தரும் சிரிக்கவில்லை.

என்னைக் கீழே விற்பனைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி மாடியில் உட்கார்ந்து போன் பேச வேண்டும், இன்ஷூரன்ஸ் முடிகிறது என்று ஞாபகப்படுத்த. சரி.

ஜூலை 24, வியாழன்

ஸமீஹா போன் செய்தாள். மகனே ஆட்டோவில் போகச் சொல்லியும் பெரியம்மா கேட்கவில்லை. "அவன் முகத்துல நான் கரி பூசமாட்டேன். அவன் வர்ற வரைக்கும் அவன் கார்லதான் போவேன்" என்றாராம். ஏறும்போது சமாளித்துக்கொள்ளலாம். வீட்டு வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் உண்டு, ஆஸ்பத்திரியில் இறங்கும்போது தூக்கத்தான் ஸமீஹாவோடு இன்னொரு பெண் வேண்டும்.

நான் பாளையங்கோட்டைதானே. காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். மகாராஜா வண்டியை நிறுத்திவிட்டு, சொல்லாமலே அந்தப் பக்கம் போய்விட்டார். பெரியம்மா என்னைப் பார்த்தார். மகனிடம் சொன்னவள் அல்லவா நான். முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் கையை மட்டும் நீட்டினார். பிடித்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இப்போது ஒரு முறை பிடிபட்டுவிட்டது. சீட்டில் ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டிருக்கிறோம். முதலில் இரண்டு காலையும் வெளியே திருப்ப வேண்டும். துப்பட்டியை மடியில் சேர்த்து முடிய வேண்டும். ஸமீஹா இடுப்பில், நான் கையில். "பைய" என்று அவர் சொன்னதும் மெதுவாக இழுக்க வேண்டும், அதற்கு முன்னால் இழுத்தால் வலிக்கும். பேச்சு கிடையாது. "பைய" மட்டும்தான்.

ஆகஸ்ட் 9, சனி

மழை. என் இரண்டு கையும் அவரைப் பிடித்திருக்க, குடையைப் பல்லில் கடிக்காத குறை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று "பைய"வுக்குப் பிறகு, "காலையில சாப்புட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சாப்புடாம வந்து என்னயத் தூக்குதியாக்கும். நீயும் சேந்து விழுவ" என்றார். ஸமீஹா சிரித்தாள். ஷோரூம் மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

செப்டம்பர் 13, சனி

நூகு வந்துவிட்டார், லீவில். இன்று உம்மாவை அவரே இறக்கிவிடுவார் என்று ஸமீஹா சொன்னதால் நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வண்டியை மாற்ற ஷோரூமுக்கு, டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்துதான் வருவார்கள் என்று நினைத்தேன். டயாலிசிஸை முடித்துவிட்டு நேரே உம்மாவோடு ஷோரூமுக்கே வந்துவிட்டார். நான் மாடியிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கீழே இறங்கவில்லை.

அவர் விற்பனை ஆட்கள் யாரிடமும் பேசவில்லை. "மணிராஜ்ங்கிறது யாரு?" என்று கேட்டு அண்ணனை மட்டும் கூட்டிக்கொண்டார். அண்ணன் விலையும் சொல்லவில்லை, மைலேஜும் சொல்லவில்லை. வரிசையாகக் கதவைத் திறந்துவிட்டு, "ஒக்காந்து எந்திச்சுப் பாருங்க பெரியம்மா" என்றார். எஸ்.யு.வி.யில் காலைத் தூக்கி வைக்கவே முடியவில்லை, படியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டார். எம்.பி.வி.யில் ஏறினார், ஆனால் கதவுக்கும் சீட்டுக்கும் இடையில் கால் சிக்கியது. உயர்ந்த கூரை ஹேட்ச்பேக்கில் உட்கார்ந்தார், எழுந்தார். திரும்பவும் உட்கார்ந்தார், எழுந்தார். நூகு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, உம்மாவின் முட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

செடானைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொள்கிறார்கள். அவருக்கு நஷ்டம்தான். போகும்போது மாடியை ஒரு தடவை பார்த்தார். நான் எழுந்து நின்றேன். அவர் தலையசைக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று நான் எந்த முகத்தோடு எதிர்பார்ப்பது?

செப்டம்பர் 23, செவ்வாய்

இனி நான் தேவையில்லை என்று தெரியும். ஸமீஹாவும் சொல்லிவிட்டாள், "அக்கா, இனிமே நீங்க அலைய வேண்டாம்" என்று. ஆனாலும் காலையில் ஏழு மணிக்குக் கால் அங்கேதான் போய் நின்றது.

புது வண்டி வந்தது. மகாராஜா இறங்கவே இல்லை, கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பழக்கத்தில் போய்ப் பின்கதவைத் திறந்து கையை நீட்டிவிட்டேன். பெரியம்மா என் கையைப் பார்த்தார். தன் இரண்டு காலையும் தரையில் வைத்தார், துப்பட்டியைத் தலைக்கு இழுத்துவிட்டார், கதவுப் பிடியைப் பிடித்து எழுந்து நின்றார். ஒரு மூச்சுக்கூட வாங்கவில்லை.

என் கை நீட்டியபடியே நின்றது. மடக்கவும் வெட்கம், வைத்திருக்கவும் வெட்கம்.

பெரியம்மா தன் ஆஸ்பத்திரிப் பையை எடுத்து என் கையில் மாட்டினார். "சும்மா நிக்காத. இதத் தூக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.